படிவத்தில் ‘கம்பெனி’ என்று எழுதும் முன்

வாசகர் கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். பி.காம். வரை தமிழ் வழியில் படித்தவள். ஜெர்மனியைச் சேர்ந்த புதிய பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர், எங்களைச் சரக்கு தருபவராகப் பதிய வெண்டார் பதிவுப் படிவம் அனுப்பியிருந்தார். அதில் ‘லீகல் ஃபார்ம்’ (சட்ட வடிவம்) என்ற கட்டத்தில் ‘பிரைவேட் கம்பெனி’ என்று எழுதினேன். நாங்கள் அரசு நிறுவனம் இல்லை, தனியார்தானே என்ற எண்ணம். அவர்கள் உடனே, கம்பெனியாகப் பதிவானதற்கான இன்கார்ப்பரேஷன் சான்றிதழ் கேட்டுவிட்டார்கள். முதலாளியிடம் போனால், “நம்மளது பார்ட்னர்ஷிப் அம்மா, அந்தச் சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்?” என்று கடிந்துகொண்டார். ஃபர்ம், கம்பெனி, கன்சர்ன், என்டர்பிரைஸ், கார்ப்பரேஷன் என எல்லாவற்றுக்கும் என்னிடம் உள்ள அகராதி ‘நிறுவனம்’ என்றே சொல்கிறது. முதலாளியின் தம்பி தம் சொந்தப் பெயரில் நடத்தும் சாயப் பட்டறையை ‘சிஸ்டர் கன்சர்ன்’ என்று எழுதலாமா? பையரின் பெயருக்குப் பின்னால் ‘ஜி.எம்.பி.எச். அண்ட் கோ. கே.ஜி.’ என்று ஒரு வால் இருக்கிறதே, அது என்ன?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பிழை உங்களுடையது மட்டுமன்று. ‘தனியார்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. பேச்சு வழக்கில் அரசுடையது அல்லாத எதையும் தனியார் என்கிறோம். தனியார் பேருந்து, தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை என்று அது பழகிவிட்டது. நிறுவனச் சட்டத்தின் ஆங்கிலத்தில் ‘பிரைவேட்’ என்பது அரசுக்கு எதிர்ச்சொல் அன்று. பங்குகளை வாங்கும்படி பொதுமக்களை அழைக்க முடியாத, பங்குகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உள்ள கம்பெனி என்பதே அதன் பொருள். அதனால் ‘பிரைவேட் கம்பெனி’ என்று நீங்கள் எழுதியதைப் பையர் வேறொரு பொருளில், அதாவது சட்டப் பொருளில், சரியாகவே புரிந்துகொண்டு அதற்குரிய சான்றிதழைக் கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்ப்பவராக, தொழில் செய்யும் எனக்கு இந்தக் குழப்பம் புதிதன்று. திருமண வீடுகளில் என் தொழிலைச் சொன்னால், எந்தக் கம்பெனி முதலாளியிடம் கடிதம் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள்.

இந்தச் சொற்களை அகராதியின் வழியாகப் பிரித்தறிய முடியாது. நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பேன்: தொழில் நொடித்து, கடன்காரர் வந்தால் அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம்? அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைதான் ‘லீகல் ஃபார்ம்’ என்ற கட்டத்துக்குள் எழுத வேண்டிய சொல்.

ஒருவர் தம் பெயரில் தாமே நடத்தினால் அது ‘சோல் புரொப்ரைட்டர்ஷிப்’. தொழிலுக்கும் அவருக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடே இல்லை. கடைக் கடனும் அவர் கடனே, வீடும் காடும் சேர்ந்தே பொறுப்பு. முதலாளியின் தம்பி நடத்தும் சாயப் பட்டறை இந்த வகை. இருவரோ அதற்கு மேற்பட்டவரோ லாபத்தைப் பங்கிட ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்தினால் அது ‘பார்ட்னர்ஷிப்’. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இதை ஆள்கிறது. அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு கூட்டாளிகளைத் தனித்தனியே ‘பார்ட்னர்ஸ்’ என்றும், அவர்களைச் சேர்த்து ‘ஃபர்ம்’ என்றும் அழைக்கிறது. ஆகவே இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்’ என்பது பொத்தாம் பொதுவான சொல் அன்று, கூட்டாண்மைக்கே உரிய பெயர். ஃபர்ம் வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவர்களோடு சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. கடன்காரர் விரும்பினால், வசதியுள்ள ஒரு கூட்டாளியிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். அவர் பிறகு மற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பெனி இவற்றிலிருந்து அடியோடு மாறுபட்டது. அது பதிவான கணத்திலேயே சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள் ஆகிவிடுகிறது. லண்டனில் ஆரோன் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளர் தம் தொழிலைத் தாமே தொடங்கிய ஒரு லிமிடெட் கம்பெனிக்கு விற்றார். அதன் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை, மீதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. கம்பெனி நொடித்தபோது, இது பெயரளவுக்குத்தான் கம்பெனி, கடனைச் சாலமனே கட்ட வேண்டும் என்று வழக்கு வந்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் சட்டம் படிக்கும் மாணவர்கள் கம்பெனிச் சட்டத்தில் முதலில் சந்திக்கும் வழக்கு அநேகமாக இதுதான். ‘லிமிடெட்’ என்ற சொல்லும் இதே கருத்திலிருந்து வருவது. வரையறுக்கப்பட்டது கம்பெனியோ அதன் தொழிலோ அன்று, பங்குதாரரின் பொறுப்பு. பங்கின் விலையை முழுதாகக் கட்டிவிட்டவர் அதற்கு மேல் ஒரு காசும் இழக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு வேண்டுமானால், 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பாருங்கள். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் வாங்கும் தொழிலில் 25 ரூபாயோடு ஒரு சாதாரண வணிகரும் துணிந்து சேர முடிந்தது என்றால், அந்தத் துணிவில் ‘லிமிடெட்’ என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு. கூட்டாண்மையாக இருந்திருந்தால் கப்பல் கடனுக்கு அவருடைய கடையும் போயிருக்கும். அந்தக் கம்பெனியைத் தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்றும் குறித்தார்கள். அதற்கு முன்பே ‘கம்பெனி’ என்ற சொல் ‘கும்பினி’ என்று நம் வாயில் நுழைந்து, ஆட்சி செய்யும் வெள்ளையரைக் குறிக்கும் சொல்லாகவே ஆகியிருந்தது. கும்பினி, சங்கம், கம்பெனி, நிறுவனம் என்று வந்த இந்த வரிசையில் எந்தச் சொல்லும் சட்டப் பொருளைக் கூர்மையாகப் பிடிக்கவில்லை என்பதே என் எண்ணம். அதனால்தான் தொழில் வட்டாரத்தில் எல்லோரும் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டு, பொருளைத் தவற விடுகிறோம்.

கம்பெனிக்குள் பிரைவேட், பப்ளிக் என்ற பிரிவு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி அமைகிறது. பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர், இரண்டு இயக்குநர் வேண்டும். உறுப்பினர் 200-ஐத் தாண்டக் கூடாது. பெயர் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடிய வேண்டும். பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர், மூன்று இயக்குநர்; மேல் வரம்பு இல்லை; பெயர் ‘லிமிடெட்’ என்று மட்டும் முடியும், ‘பப்ளிக்’ என்ற சொல் பெயரில் வராது. இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ‘பப்ளிக் கம்பெனி’ என்றால் பொதுத்துறை நிறுவனம் என்று நினைப்பது முதலாவது. பொதுத்துறைக்கு உரிய சட்டச் சொல் ‘கவர்ன்மென்ட் கம்பெனி’. செலுத்தப்பட்ட மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் இருக்க வேண்டும். பப்ளிக் கம்பெனி என்றால் பங்குச் சந்தையில் இருக்கும் என்று நினைப்பது இரண்டாவது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா லிமிடெட் 1996-இல் பதிவானது. அதன் பங்குகள் நெடுங்காலம் கொரியாவின் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி வசமே இருந்தன. பெயரில் ‘பிரைவேட்’ இல்லை, ஆனால் வெளியார் ஒருவரும் ஒரு பங்குகூட வாங்கியிருக்க முடியாது. 2024 அக்டோபரில் 17.5 சதவீதப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்ற பிறகுதான் அது ‘லிஸ்டட்’ ஆயிற்று. அதற்கு முன் அதை ‘அன்லிஸ்டட் பப்ளிக் கம்பெனி’ என்று சொல்ல வேண்டும். மறுபக்கம், நாட்டின் மிகப் பெரிய குழுமங்களில் ஒன்றின் தலைமையில் இருப்பது டாடா சன்ஸ் பிரைவேட் லிமிடெட். பிரைவேட் என்றால் சிறியது என்ற எண்ணத்தையும் இதோடு விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் மேசையிலேயே விடை கிடைக்கும் இடங்களைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழை எடுங்கள். அதில் ‘கான்ஸ்டிடியூஷன் ஆஃப் பிசினஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அரசியலமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, தொழிலின் சட்ட அமைப்பு என்பதே பொருள். ‘லீகல் ஃபார்ம்’, ‘டைப் ஆஃப் என்டிட்டி’, ‘லீகல் ஸ்டேட்டஸ்’ என்று எந்தப் படிவம் எப்படிக் கேட்டாலும் அந்த வரியில் உள்ளதையே எழுதுங்கள். எதிர்த் தரப்பின் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும், அவர்கள் பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து வகையைச் சொல்லிவிடும்: ‘பி’ என்றால் தனி ஆள், ‘எஃப்’ என்றால் ஃபர்ம், ‘சி’ என்றால் கம்பெனி, ‘எச்’ என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், ‘டி’ என்றால் அறக்கட்டளை. பெயர்ப் பலகையில் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் இந்த ஓர் எழுத்து பொய் சொல்லாது. உங்கள் ஃபர்மின் எண்ணில் ‘எஃப்’ இருக்கும், சாயப் பட்டறையின் எண்ணில் ‘பி’ இருக்கும்.

கம்பெனியாக இருந்தால் இன்னும் எளிது. லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் சி.ஐ.என். என்ற 21 இலக்க அடையாள எண்ணை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அது ‘எல்’ என்று தொடங்கினால் லிஸ்டட், ‘யு’ என்று தொடங்கினால் அன்லிஸ்டட். இடையில் மாநிலக் குறியும், பதிவான ஆண்டும், பிறகு மூன்று எழுத்தும் வரும், ‘பி.டி.சி.’ என்றால் பிரைவேட், ‘பி.எல்.சி.’ என்றால் பப்ளிக். மாநிலக் குறி தமிழ்நாட்டுக்கு ‘டி.என்.’, கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவானவற்றில் ‘டி.இசட்.’ என்று இருப்பதைப் பார்த்து அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஒருவர் அப்படித் திருத்தியே அனுப்பிய ஒப்பந்தத்தை நான் மறுபடி தட்டச்சு செய்ய வைத்திருக்கிறேன்.

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். ‘அண்ட் கோ’ என்று முடியும் எத்தனையோ கடைகள் கம்பெனிகள் அல்ல. அவை கூட்டாண்மையாகவோ ஒரே முதலாளியின் கடையாகவோ இருக்கும். ‘என்டர்பிரைசஸ்’, ‘டிரேடர்ஸ்’, ‘எக்ஸ்போர்ட்ஸ்’, ‘டெக்ஸ்’, ‘இண்டஸ்ட்ரீஸ்’ ஆகியவை வெறும் பெயர்ச் சொற்கள், சட்ட வகைகள் அல்ல. ‘கார்ப்பரேஷன்’ இன்னும் குழப்பமானது. எல்.ஐ.சி. 1956-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பிறந்தது, ஆகவே அது ‘ஸ்டாச்சுடரி கார்ப்பரேஷன்’. கம்பெனிச் சட்டப்படி பதிவானதே இல்லை. டாஸ்மாக்கின் முழுப் பெயரிலும் கார்ப்பரேஷன் இருக்கிறது, ஆனால் அது ‘லிமிடெட்’ என்று முடியும், கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனி. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் அப்படித்தான். ‘லிமிடெட்’ இருந்தாலே கம்பெனி என்றும் சொல்லிவிட முடியாது. கோ-ஆப்டெக்ஸின் சட்டப் பெயரும் லிமிடெட் என்றே முடிகிறது, அதுவோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் பதிவே செய்யாமல் ‘லிமிடெட்’ அல்லது ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை மாட்டித் தொழில் நடத்தினால், அந்தப் பெயரைப் பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘மெசர்ஸ்’ என்ற முன்னொட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அது ‘திருவாளர்கள்’ என்பதற்கு ஈடான சொல், பலர் சேர்ந்த ஃபர்முக்கு ஏற்றது, கம்பெனிப் பெயருக்கு முன்னால் போடத் தேவையில்லை.

பிற வகைகளில் உங்கள் கண்ணில் அடிக்கடி படக்கூடியது ‘எல்.எல்.பி.’, அதாவது ‘லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்’. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இது, கூட்டாண்மையின் எளிமையையும் கம்பெனியின் வரையறுக்கப்பட்ட பொறுப்பையும் சேர்த்துக் கட்டியது. கூட்டாளிகள் ஒப்புக்கொண்ட பங்களிப்புக்கு மேல் கடன்காரர் பொதுவாகக் கேட்க முடியாது. வருமான வரிக்கு இதுவும் ஃபர்ம்தான், பான் எண்ணில் ‘எஃப்’ என்றே இருக்கும். ஆகவே ‘எஃப்’-ஐப் பார்த்ததும் பெயரின் முடிவையும் பாருங்கள். ஒரே ஒருவர் உறுப்பினராக இருக்கும் ‘ஒன் பர்சன் கம்பெனி’, புரொப்ரைட்டர்ஷிப் அன்று. அதுவும் ஒருவகைப் பிரைவேட் கம்பெனியே, மேலே சொன்ன குறைந்தது இரண்டு பேர் என்ற விதிக்கு விலக்கு. உழவர்கள் சேர்ந்து நடத்துவது ‘புரொட்யூசர் கம்பெனி’. அதில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. லாபத்தைப் பங்கிடாத அறப்பணிக் கம்பெனியைச் சட்டப் பிரிவின் எண்ணாலேயே ‘செக்‌ஷன் எய்ட் கம்பெனி’ என்கிறார்கள். அதற்கு லிமிடெட் என்ற சொல் இல்லாமலே பெயர் வைத்துக்கொள்ளும் சலுகை உண்டு. ‘ஸ்டார்ட்-அப்’, ‘எம்.எஸ்.எம்.இ.’ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) இரண்டும் சட்ட வடிவங்கள் அல்ல. முன்னது அரசு தரும் அங்கீகாரம், பின்னது முதலீட்டையும் விற்றுமுதலையும் வைத்து அளக்கும் அளவுகோல். 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு 25 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் இருந்தால் ‘ஸ்மால்’, அவை முறையே இரண்டரைக் கோடிக்கும் பத்துக் கோடிக்கும் உட்பட்டால் ‘மைக்ரோ’. உங்கள் ஃபர்ம் ஒரே நேரத்தில் பார்ட்னர்ஷிப்பாகவும் ஸ்மால் என்டர்பிரைஸாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கட்டங்களுக்கான விடைகள்.

வகைப் பெயரைச் சரியாக எழுதிய பிறகும் பக்கத்தில் வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும், அதையும் கவனியுங்கள். கம்பெனி ‘இன்கார்ப்பரேட்டட்’ ஆகிறது. ஃபர்ம் ‘ரெஜிஸ்டர்டு’ ஆகிறது. எந்தத் தொழிலையும் ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்று சொல்லலாம். ஆகவே உங்கள் முதலாளி தொழில் தொடங்கிய ஆண்டை ‘எஸ்டாப்ளிஷ்டு இன்’ என்று எழுதுங்கள், ‘இன்கார்ப்பரேட்டட் இன்’ என்று எழுத வேண்டாம். கம்பெனிக்கு ‘ஷேர்ஹோல்டர்’களும் ‘டைரக்டர்’களும், ஃபர்முக்குப் ‘பார்ட்னர்’கள், தனிக் கடைக்குப் ‘புரொப்ரைட்டர்’. நம் கொங்குப் பகுதியில் மூன்று தறி வைத்திருப்பவரும் விசிட்டிங் கார்டில் ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று போட்டுக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பையர் அந்தக் கார்டையும் கூட்டாண்மைப் பத்திரமான பார்ட்னர்ஷிப் டீடையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கேள்வி கேட்பார். உங்கள் முதலாளிக்குரிய சொல் ‘மேனேஜிங் பார்ட்னர்’. எனக்கு அது இன்னும் கம்பீரமாகவே படுகிறது.

இனி ‘சிஸ்டர் கன்சர்ன்’. இது இந்திய வணிக ஆங்கிலத்தில் ஆழமாக வேரூன்றிய சொல். இங்குள்ள ஆடிட்டருக்கும் வங்கி மேலாளருக்கும் உடனே புரியும். ஜெர்மனியில் இருப்பவருக்கு அது ஓர் உறவைச் சொல்வதாகத் தோன்றினாலும் என்ன உறவு என்று விளங்காது. அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டமும் இருக்காது. அங்கே இருக்கும் சொற்கள் வேறு. ஒரு கம்பெனி மற்றொன்றின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் வைத்திருந்தாலோ அதன் இயக்குநர் குழுவைத் தீர்மானிக்க முடிந்தாலோ முன்னது ‘ஹோல்டிங் கம்பெனி’ அல்லது ‘பேரன்ட்’, பின்னது ‘சப்சிடியரி’. முழுதும் வைத்திருந்தால் ‘ஹோலி ஓண்டு சப்சிடியரி’. ஹூண்டாய் இந்தியா 2024 வரை அதுதான். குறைந்தது 20 சதவீத வாக்குரிமை இருந்து, ஆனால் ஆளும் நிலை இல்லாவிட்டால் ‘அசோசியேட்’. இருவர் கைகோத்துத் தொடங்குவது ‘ஜாயின்ட் வென்ச்சர்’. ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய டைட்டன், 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து அப்படி உருவாக்கியதே. இவை எல்லாம் பங்குகளால் வரும் உறவுகள். ரத்த உறவால் வருபவை அல்ல.

தம்பியின் சாயப் பட்டறையில் உங்கள் ஃபர்முக்குப் பங்கே இல்லை, அண்ணன் தம்பி என்ற உறவு மட்டுமே உண்டு. அதனால் அது சப்சிடியரியும் அன்று, அசோசியேட்டும் அன்று, ‘பிராஞ்ச்’ நிச்சயமாக அன்று. பிராஞ்ச் என்றால் அதே ஃபர்மின் இன்னொரு கிளை. ‘இண்டிபென்டன்ட் டையிங் யூனிட், புரொப்ரைட்டர்ஷிப், ஓண்டு பை அ ஃபேமிலி மெம்பர் ஆஃப் தி மேனேஜிங் பார்ட்னர்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சுருக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ரிலேட்டட் பார்ட்டி’ என்ற சொல் போதும். சாயக் கழிவுநீர் குறித்து ஐரோப்பியப் பையர்கள் துருவிக் கேட்கும் காலம் இது. பட்டறை யாருடையது என்பதில் வார்த்தை மழுப்பினால் அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். உங்களிடம் தையல் யூனிட் தனியாக இருந்து அதே ஃபர்மின் பெயரில் நடந்தால், அதை ‘யூனிட்’ அல்லது ‘டிவிஷன்’ என்றே குறிக்கலாம்.

பையரின் பெயருக்கு வருகிறேன். ‘ஜி.எம்.பி.எச்.’ என்பது ஏறக்குறைய நம் பிரைவேட் லிமிடெட். பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு என்பது அந்த ஜெர்மன் தொடரின் நேர்ப் பொருள், குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. ‘கே.ஜி.’ என்பது ஒருவகைக் கூட்டாண்மை; அதில் ஒரு கூட்டாளியாவது எல்லையில்லாப் பொறுப்பு ஏற்க வேண்டும், மற்றவர்களின் பொறுப்பு வரையறைக்கு உட்பட்டது. ஜெர்மானியர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்த எல்லையில்லாப் பொறுப்பை ஏற்கும் கூட்டாளியாக மனிதரை வைக்காமல் ஒரு ஜி.எம்.பி.எச்.-ஐ வைத்துவிட்டார்கள். அதுவே ‘ஜி.எம்.பி.எச். அண்ட் கோ. கே.ஜி.’. ஆக, உங்கள் பையரும் சட்டப்படி ஒரு பார்ட்னர்ஷிப்தான். உங்களுடையது பார்ட்னர்ஷிப் என்று தெரிந்தால் அவர் மதிப்புக் குறைத்துவிடுவாரோ என்று உங்கள் முதலாளி அஞ்ச வேண்டியதில்லை. இன்வாய்ஸிலும், பணம் தர வங்கி உறுதியளிக்கும் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) ஆவணங்களிலும் அந்த வால் முழுவதையும் எழுதுங்கள், ‘ஜி.எம்.பி.எச்.’ என்று மட்டும் நிறுத்தினால் அதே பெயரில் இருக்கும் வேறொரு சட்ட நபரின் பெயரில் பில் போட்டதாகிவிடும்.

மற்ற நாடுகளில் உங்களை மிகவும் தடுக்கி விழவைக்கக்கூடியது பிரிட்டன். அங்கே ‘லிமிடெட்’ என்று முடிவது பெரும்பாலும் பிரைவேட் கம்பெனி; பப்ளிக் கம்பெனி ‘பி.எல்.சி.’ என்று முடியும், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து. இந்தியாவிலோ லிமிடெட் மட்டும் இருந்தால் பப்ளிக். ஒரே சொல், நேர் எதிரான விடை. ஆஸ்திரேலியாவின் ‘பி.டி.ஒய். லிமிடெட்’ என்பதில் ‘புரொப்ரைட்டரி’ என்ற சொல் ஒளிந்திருப்பதால் அதைப் புரொப்ரைட்டர்ஷிப் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் பிரைவேட் கம்பெனியே. சிங்கப்பூரின் ‘பி.டி.இ. லிமிடெட்’, மலேசியாவின் ‘செண்டிரியான் பெர்ஹாட்’, இலங்கையில் அடைப்புக்குறிக்குள் பிரைவேட் என்று போட்டு எழுதும் லிமிடெட் ஆகியவையும் அவ்வாறே. அமெரிக்காவின் ‘இன்க்.’, ‘கார்ப்.’ இரண்டும் பங்குகளால் ஆன கார்ப்பரேஷன்கள், ‘எல்.எல்.சி.’ என்பது நம் எல்.எல்.பி. அன்று, அதன் உரிமையாளர்களை அங்கே ‘மெம்பர்ஸ்’ என்பார்கள், பார்ட்னர்ஸ் என்று எழுதினால் திருத்துவார்கள்.

இப்போது அந்தப் படிவத்தை என்ன செய்வது என்பது. மறைக்காமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: முன்னர் அனுப்பிய படிவத்தில் லீகல் ஃபார்ம் தவறாகக் குறிக்கப்பட்டது, எங்களுடையது ‘பார்ட்னர்ஷிப் ஃபர்ம்’, எனவே சர்டிஃபிகேட் ஆஃப் இன்கார்ப்பரேஷன் எங்களுக்குப் பொருந்தாது, அதற்குப் பதிலாகப் பார்ட்னர்ஷிப் டீடின் நகலையும் ஜி.எஸ்.டி. சான்றிதழையும் ஏற்றுமதிக் குறியீட்டுச் சான்றிதழையும் இணைத்திருக்கிறோம் என்று நான்கு வரி போதும். டீடில் கூட்டாளிகளின் லாபப் பங்கு வீதம் இருக்கும். அதை வெளியாருக்கு அனுப்ப முதலாளிக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே மூச்சில் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஃபர்ம் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா? கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் டீடை எழுதிப் பீரோவில் வைத்ததோடு நிறுத்திவிட்டவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஆனால் பதிவாகாத ஃபர்ம், தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு சொல்கிறது. பையர் பணம் தராமல் இழுத்தடித்தால் அப்போது தெரியும் இதன் அருமை. பதிவாகியிருந்தால் மின்னஞ்சலில் ‘ரெஜிஸ்டர்டு பார்ட்னர்ஷிப் ஃபர்ம்’ என்று எழுதி, பதிவுச் சான்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவாகவில்லை என்றால் ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல்லைத் தொடாமல் இன்றைய மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, பதிவுக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுக்கச் சொல்லுங்கள்.